குறிப்பும் செப்பும்: ஆட்டிச நிலையினரின் உரையாடற் பிறழ்வும் தமிழ் இலக்கண மரபின் வினா–விடைக் கொள்கையும்

ஆய்வுச் சுருக்கம்

ஆட்டிச நிலையினர் பிறர் கூறாமல் உணர்த்துவனவற்றை உணர்வதில் இடர்ப்படுகின்றனர் என்பது நெடுங்காலமாக அவர்களுடைய குறைபாடாக மட்டுமே விளக்கப்பட்டு வந்துள்ளது. 2012க்குப் பிந்தைய ஆய்வுகள் இவ்விடர்ப்பாட்டை உரையாடும் இருவர்க்கும் பொதுவானதாகக் காண்கின்றன. இவ்விரு விளக்கங்களையும் தொல்காப்பியம், நன்னூல் ஆகியவற்றின் வினா–விடைக் கொள்கை, மெய்ப்பாட்டியல், திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரங்கள் ஆகியவற்றோடு ஒப்பவைத்து, நேர்விடையே அடிப்படை என்றும் குறிப்புவிடை உடன்பாட்டால் ஏற்கப்படுவது என்றும் கொள்ளும் தமிழ் இலக்கணப் பார்வை இவ்விவாதத்திற்கு எவ்வாறு பயன்படும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: ஆட்டிசம், குறிப்பு, செப்பு, வினா வகை, விடை வகை, மெய்ப்பாடு, இரட்டை வழக்கு.

முன்னுரை

‘ஆட்டிசம்’ என்னும் சொல், ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகச் சுவிட்சர்லாந்தின் உளநோய் மருத்துவர் ஆய்கன் புளூலரால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்கப்பட்டது. புற உலகைவிட்டுத் தன்னுள் ஒடுங்குதல் என்னும் பொருளில் அவர் அதனை வேறொரு நோய்நிலைக்கு வழங்கினார். பிற்காலத்தில் அச்சொல் இன்றைய பொருளுக்கு மாறியபோதும் ‘தன்னுள் ஒடுங்கியவர்’ என்ற பழைய கருத்தும் உடன் வந்துவிட்டது. தமிழில் வழங்கும் ‘மதியிறுக்கம்’, அரசு ஆவணங்களில் காணப்படும் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்னும் அடை ஆகியன அக்கருத்தை மேலும் கடுமையாக்குகின்றன. புற உலகைப் பற்றிய சிந்தனையே இல்லாதவர் என்று ஒருவரை முதலிலேயே பெயரிட்டுவிட்டால், அவரோடு பேசுகையில் நேரும் எந்தப் பிழைக்கும் மறுபுறத்தில் இருப்பவர் பொறுப்பேற்க வேண்டியதில்லை. சொல்லாக்கம் வெறும் பெயர் சூட்டலன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இந்தக் காரணத்தால் இக்கட்டுரை ‘ஆட்டிசம்’ என்ற கடன்சொல்லையே கையாளுகிறது.

பண்டைய நூல்களில் ஆட்டிசம் பேசப்பட்டுள்ளது என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இன்றைய அறிவியல் முடிவுகள் யாவும் அன்றே கூறப்பட்டுவிட்டன என்னும் போக்கு தமிழாய்விற்குப் பெருமை சேர்த்ததில்லை. இலக்கண நூலார் மொழியை ஆராய்ந்தனர்; மனநிலை வேறுபாடுகளை அல்லர். ஆயினும் ஒரு கூற்றின் பொருள் சொல்லில் எவ்வளவு உள்ளது, சொல்லுக்கு வெளியே எவ்வளவு உள்ளது என்ற வினாவை அவர்கள் வெளிப்படையாக எழுப்பியுள்ளனர். ஆட்டிச ஆய்வு இன்று நிற்கும் இடமும் அதுவே.

கானர் கண்ட சொற்கள்

அமெரிக்காவின் பால்டிமோரில் பணியாற்றிய குழந்தை உளமருத்துவர் லியோ கானர் 1943ஆம் ஆண்டு பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிச ஆய்வின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அக்கட்டுரையில் மருத்துவச் செய்திகளைவிட மொழிச் செய்திகள் கூடுதல் என்பது மொழியாய்வாளர் கருதத்தக்கது. கையிலுள்ள பொருளைக் கீழே வைக்கும்படி சொல்லப்பட்ட சிறுவன் ஒருவன் அதனை உடனே தரையில் வைக்கிறான். ‘கீழே’ என்பது அவனுக்குத் தரையே. அருகிலிருக்கும் மேசை அன்று. சுவரின் மேலுள்ள படங்கள் என்று தந்தை கூறும்போது மற்றொரு சிறுவன், அவை சுவரின் அருகில் உள்ளன என்று திருத்துகிறான். ‘ஆம்’ என்னும் சொல்லைக் கற்பிக்க விரும்பிய ஒரு தந்தை, தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டுமானால் ‘ஆம்’ என்று சொல் என்கிறார். பின்னர் அக்குழந்தைக்கு ‘ஆம்’ என்பது தோளில் ஏற்றிக்கொள்ளுமாறு கேட்கும் சொல்லாகவே ஆகிவிடுகிறது.

கானர் இவற்றை நெகிழ்வின்மையின் அறிகுறிகளாகக் குறித்தார். வேறொரு கோணத்தில் நோக்கினால், இம்மூன்றிலும் குழந்தை சொல்லை அளவு கடந்த நம்பிக்கையோடு ஏற்றுள்ளமை புலனாகும். சுவரையும் படத்தையும் பற்றிய திருத்தத்தில் பொருள்நிலைப் பிழை ஏதுமில்லை. பிழையிருப்பின் அது வழக்கைப் பற்றியது. மேலும், கேட்ட வினாவை அப்படியே திருப்பிச் சொல்லித் தன் விருப்பத்தை உணர்த்தும் இயல்பையும், அதனால் தன்மை முன்னிலை இடமயக்கம் தோன்றுவதையும் கானர் பதிவு செய்துள்ளார். தமிழில் இத்தகைய கூற்று எழுந்தால் பெயரில் மட்டுமன்றி வினைமுற்றின் விகுதியிலும் இடம் மாறி நிற்கும். ‘பால் குடிக்கிறாயா’ என்று குழந்தை கேட்பது தனக்குப் பால் வேண்டும் என்பதாகலாம். இலக்கணப்படி அது இடவழு. குழந்தையின் பட்டறிவின்படி, பால் வருவதற்கு முன் எப்போதும் ஒலிக்கும் தொடர்.

ஒருபுறக் குறைபாடு என்னும் விளக்கம்

1985ஆம் ஆண்டு இலண்டனில் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு அடுத்த முப்பதாண்டுகளின் போக்கை முடிவு செய்தது. சாலி என்னும் பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே செல்கிறது. ஆன் என்னும் பொம்மை அதனைப் பெட்டிக்கு மாற்றுகிறது. திரும்பி வரும் சாலி எங்கே தேடும்? ஆட்டிச நிலையுடைய 20 குழந்தைகளில் 16 பேர், குண்டு உண்மையில் இருந்த பெட்டியையே சுட்டினர். பிற குழந்தைகளிற் பெரும்பாலோர், டவுன் நோய்க்குறியுடைய குழந்தைகள் உட்பட, கூடையைச் சுட்டினர். இதிலிருந்து, பிறர் மனத்தில் உள்ளதை உய்த்துணரும் திறன் ஆட்டிச நிலையினரிடம் குறைவு என்னும் கொள்கை உருவாயிற்று. பிரான்செஸ்கா ஹாப்பே 1993இல் இதனை மொழியோடு இணைத்தார். பேசுவோரின் கருத்து நோக்கத்தை உணர்ந்தாலன்றி உருவகமும் அங்கதமும் விளங்கா என்னும் ஸ்பெர்பர், வில்சன் இருவரின் கொள்கையை அடியொற்றி அவர் ஆய்வு அமைந்தது.

இக்கொள்கை ஆற்றல் வாய்ந்தது. ஆனால் அது தாங்கக்கூடிய அளவிற்கு மேல் அதன்மீது சுமத்தப்பட்டது. 16 பேர் தவறினர் என்பது நினைவில் நின்ற அளவிற்கு 4 பேர் சரியாக விடையளித்தனர் என்பது நிற்கவில்லை. உருவகத்தைப் புரிந்துகொள்ளும் திறன், பிறர் மனம் உணரும் திறனைவிடச் சொற்பொருள் அறிவோடு நெருங்கிய தொடர்புடையது என்று கோர்ட்னி நார்பரி 2005இல் காட்டினார். அதாவது, மரபுத்தொடரை அறியாத ஒருவர் அதனை நேர்ப்பொருளில் கொள்வது, வேற்றுமொழியாளர் கொள்வது போன்றதாகவும் இருக்கலாம்.

செப்பும் வினாவும்

இவ்விடத்தில் தமிழ் இலக்கணத்தின் வினா–விடைக் கொள்கை பயன்படுகிறது. தொல்காப்பியக் கிளவியாக்கம், வினாவும் செப்பும் வழுவாமற் காக்கப்பட வேண்டும் என்பதை முதலில் விதியாக்குகிறது. அதன் பின்னரே, வினாவிற்கு எதிராக வினாவே வந்தாலும் அதுவும் செப்பாகும் என்றும், கேட்ட பொருளோடு தொடர்பு உளதாயின் விலகிய விடையும் விலக்கப்படாது என்றும் அமைதி கூறுகிறது. நன்னூல் இதனை எண்வகை விடையாக வகுக்கிறது. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேர்விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் வினவிய பொருளைக் குறிப்பால் தருவதால் விடையாக ஏற்கப்படுவன.

‘ஆடுவாயா?’ என்னும் வினாவிற்கு ‘ஆடேன்’ என்பது மறை. ‘கால் வலிக்கிறது’ என்பது உற்றது உரைத்தல். இரண்டாவதில் மறுப்பு என்பது சொல்லில் இல்லை. கால் வலி ஆடுதற்குத் தடை என்னும் உலகியல் அறிவிலும், கேட்டவர் அதனை இணைத்துக்கொள்வார் என்னும் எதிர்பார்ப்பிலும் உள்ளது. ‘கால் வலித்தால் தைலம் தடவிக்கொள்; ஆடுவாயா, மாட்டாயா?’ என்று ஒருவர் மீண்டும் கேட்டால், அவரை நயமற்றவர் என்று உலகம் சொல்லும். ஆனால் இலக்கணத்தின் வைப்புமுறைப்படி அவர் முதல் விதியின்பால் நிற்பவர். விடையளித்தவரே அமைதியின் துணையை நாடியவர்.

இவ்வேறுபாடு சிறிதன்று. பால் கிரைஸ் 1975இல் வெளியிட்ட உரையாடற் கொள்கையும் கூறியதற்கும் உணர்த்தியதற்கும் உள்ள இடைவெளியையே ஆராய்ந்தது. ஆயின் அதனைப் பின்பற்றிய ஆட்டிச ஆய்வுகளில் குறிப்பை உணர்வதே இயல்பு, உணராமை பிறழ்வு என்னும் அளவுகோல் நிலைபெற்றது. தமிழ் இலக்கணத்தில் அளவுகோல் மறுதலையாக நிற்கிறது. நேர்விடை விளக்கம் வேண்டாதது. குறிப்புவிடைக்கே ஏன் அது விடையாகும் என்னும் விளக்கம் தேவைப்படுகிறது. ஆட்டிச நிலையினர் பலர் தம் பேச்சைப் பற்றிக் கூறுவதும் இதனோடு ஒத்துள்ளது. தாங்கள் சொன்னதையே தாங்கள் கருதியதாகவும், மற்றவர்கள் அதனுள் இல்லாத சினத்தையோ இகழ்ச்சியையோ கண்டதாகவும் அவர்கள் எழுதியுள்ளனர்.

வினா வகைகளில் இடர்ப்பாடு இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது. நன்னூல் கூறும் அறுவகை வினாக்களில் அறியா வினா, ஐய வினா என்னும் இரண்டிலேயே கேட்பவர் உண்மையில் அறிய விரும்புகிறார். அறிவினாவில் கேட்பவர்க்கு விடை முன்னரே தெரியும். கொளல் வினாவும் கொடை வினாவும் ஏவல் வினாவும் வினா வடிவில் வரும் வேறு செயல்கள். ‘அரிசி இருக்கிறதா?’ என்று கடையில் கேட்பவர்க்கு ‘இருக்கிறது’ என்று விடை கூறிவிட்டு நிற்பது பிழையற்ற விடை. வணிகம் மட்டும் நடைபெறாது. ‘வீட்டுப்பாடம் எழுதிவிட்டாயா?’ என்பது ஏவலா, அறியா வினாவா என்பதை எழுத்து வடிவம் காட்டாது. குரலும் முகமும் கேட்பவரின் இடமும் காட்டும். ஆசிரியர் வகுப்பில் எழுப்பும் அறிவினாவிற்கு, ‘உங்களுக்குத் தெரியுமே’ என்று மறுமொழி கூறும் மாணவர் குறும்பராகக் கருதப்பட்டுத் தண்டனைக்கு உள்ளாகலாம். அவர் கூறியதோ உண்மை.

அன்றாட வழக்கில் வினா வடிவே இன்றியும் இச்சிக்கல் எழுகிறது. விடைபெறுபவர் ‘வருகிறேன்’ என்கிறார். தர விருப்பமில்லாதவர் ‘பார்க்கலாம்’ என்கிறார். விருந்தினர் முதன்முறை ‘வேண்டாம்’ என்பது மறுப்பாகக் கொள்ளப்படுவதில்லை. மூன்றாம் முறை வேண்டாம் என்றால் கொள்ளப்படும். எத்தனையாவது ‘வேண்டாம்’ பொருளுடையது என்பதை எந்த அகராதியும் கூறாது. நன்னூல் தகுதி வழக்காக வகுத்த இடக்கரடக்கலும் மங்கலமும் குழூஉக்குறியும், ஒரு குழுவினுள் வளர்ந்தோர்க்கு மட்டும் தாமே விளங்கும் என்ற எண்ணத்தின்மேல் நிற்பவை.

வினாவின் வடிவத்தைத் திருத்தினால் விளைவு மாறும் என்பதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்தில் கேட்டி மாரஸ் குழுவினர் வேலைவாய்ப்பு நேர்காணல் வினாக்களைக் குறிப்பாகவும் தெளிவாகவும் மாற்றியமைத்து ஆராய்ந்தபோது, ஆட்டிச நிலையினரின் விடைகள் உயர்வாக மதிப்பிடப்பட்டன. பிறருடைய விடைகளும் உயர்ந்தன. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்னும் பொது வினாவில் வேலைக்கு உரியதை மட்டும் சொல் என்னும் ஏவல் மறைந்துள்ளது. அதனை வெளிப்படுத்தினால் எவர்க்கும் இழப்பில்லை.

குறிப்பறிதல்: யார் யாரை அறிவது?

திருக்குறள் குறிப்பறிதல் என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்களைக் கொண்டுள்ளது. 71ஆம் அதிகாரம் பொருட்பாலில், மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் அதிகாரத்தை அடுத்து நிற்கிறது. அரசன் வாய் திறவாமலே அவன் கருத்தை அறிபவன் அங்குப் போற்றப்படுகிறான்; அறியாதவன் உறுப்பால் மட்டுமே அவனை ஒத்தவன் என்று பிரிக்கப்படுகிறான். இன்றைய வாசிப்பில் இப்பிரிப்பு கடுமையாக ஒலிக்கக்கூடும். ஆயின் அதிகாரத்தின் வைப்பைக் கருதினால் இது மனிதர் அனைவர்க்கும் உரிய பொது அளவுகோலாகாது. அரசவையில் வாழ்வோர்க்கு வேண்டிய தொழில்திறன். ஆற்றல் மிக்கவன் குறிப்பிற் பேசலாம். அதனை உணரும் சுமை ஆற்றல் குறைந்தவனுடையது. அலுவலகத்தில் மேலாளரின் முகக்குறிப்பை ஊழியர் படிக்க வேண்டியிருப்பதும், ஊழியரின் முகக்குறிப்பை மேலாளர் படிக்க வேண்டியதில்லாமையும் இதே அமைப்பின.

110ஆம் அதிகாரம் இன்பத்துப்பாலில் உள்ளது. அங்குக் குறிப்பு ஒருபுறம் மட்டும் படிக்கப்படுவதன்று. தலைவி தலைவனை நேரே நோக்காமல் நிலம் நோக்குவதும், அவன் நோக்காதபோது நோக்குவதும் அங்கு விருப்பத்தின் அடையாளங்கள். பார்வையை விலக்குதல் அக்கறையின்மை ஆகாது என்பது அவ்வதிகாரத்தின் உயிர்நிலை. ஆட்டிச நிலையினர் கண்ணை நேர்நோக்காமையால் பொய்யர், அலட்சியர், அன்பற்றவர் என்று பெறும் பழியை நினைக்கையில் இது பொருட்படுத்தத்தக்கது. கண்ணை நோக்கிக்கொண்டே சொல்லைக் கேட்பது தமக்கு இயலாது, நோக்காதபோதே நன்கு கேட்கிறோம் என்று அவர்களுள் பலர் கூறுகின்றனர். காதலர்க்கு வழங்கப்படும் இந்தப் பொறுமையான வாசிப்பு வகுப்பறையில் வழங்கப்படுவதில்லை.

டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த கருத்து இவ்விடத்தில் பொருந்துகிறது. தாமும் ஆட்டிச நிலையினரான இச்சமூகவியலாளர், உலகை வேறுவேறாக உணரும் இருவர் சந்திக்கும்போது புரிதற்குறை இருபுறத்தும் நேர்கிறது என்றார். ஒருபுறத்தார் அதனை அரிதாகவே சந்திப்பதால் வியப்பாகக் காண்கின்றனர். மறுபுறத்தார் நாள்தோறும் சந்திப்பதால் அதனோடு வாழக் கற்கின்றனர். 71ஆம் அதிகாரத்திலிருந்து 110ஆம் அதிகாரத்திற்கு வினாவை மாற்றிய செயல் இது எனலாம்.

மெய்ப்பாடும் காண்போரும்

மெய்ப்பாட்டியல் உள்ளத்து உணர்வு உடலில் புலப்படும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. நகையும் அழுகையும் அச்சமும் உவகையும் உடற்குறியால் அறியப்படுவன. ஆயின் அவ்வியலின் இறுதி நூற்பா, கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரவல்லவர்க்கு அன்றி இப்பொருளை அறிதல் அரிது என்று முடிகிறது. அதாவது மெய்ப்பாடு உடையவரிடம் மட்டும் முழுமை பெறுவதில்லை. காண்பவரின் தகுதியும் அதற்கு வேண்டும். உரையாசிரியர்கள் இதனைச் சுவைநுகர்வு பற்றிய விதியாகவே விரித்தனர். உரையாடற் பிறழ்வை விளக்குவதற்கும் அது உதவும்.

எலிசபெத் ஷெப்பர்டும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிச நிலையினரின் முகத்தையும் உடலசைவையும் கண்டு அவர்களுக்கு என்ன நேர்ந்தது என உய்த்துணர்வது பிறர்க்குக் கூடுதல் கடினமாக இருந்தது. உணர்வு இல்லாமையால் நேர்ந்த கடினமன்று இது. உணர்வு புலப்படும் முறை காண்பவர்க்குப் பழகாததால் நேர்ந்தது. நோவா சாசன் குழுவினர் 2017இல் காட்டியது இன்னும் கூர்மையானது. சில நொடிக் காட்சியைக் கண்ட அளவிலேயே ஆட்டிச நிலையினர்மேல் தாழ்ந்த மதிப்பீடு உருவாயிற்று. அவர்களோடு பழகும் விருப்பமும் குறைந்தது. அதே பேச்சை எழுத்து வடிவில் மட்டும் படித்தவர்களிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. சொன்னதில் குறையில்லை, சொன்ன தோற்றமே அயலாயிற்று.

எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இவ்வாராய்ச்சியில் பெரிதும் பேசப்பட்டது. எண்மர் கொண்ட ஒன்பது தொடர்களில், மொத்தம் 72 பேர், ஒரு கதையைச் செவிவழியாக ஒருவர் மற்றொருவர்க்குக் கடத்தினர். ஆட்டிச நிலையினர் மட்டும் இருந்த தொடர்களும் பிறர் மட்டும் இருந்த தொடர்களும் ஒரேயளவு செய்தியைக் காத்தன. இருவகையினரும் கலந்த தொடர்களிலேயே இழப்பு மிகுந்தது. இதனையே முடிந்த முடிபாகக் கொண்டு எழுதப்பட்டவை பல. ஆனால் அக்குழுவினரே 311 பேரைக் கொண்டு மீண்டும் நிகழ்த்தி 2025இல் வெளியிட்ட விரிவான ஆய்வில், மூவகைத் தொடர்களுக்கும் இடையே செய்தியிழப்பில் வேறுபாடு காணப்படவில்லை. இம்முடிவு மில்டனின் கருத்தை வீழ்த்திவிட்டது என்று சிலர் கருதலாம். அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. செய்தியைக் கடத்துவது செப்பின்பாற்பட்டது. ஒருவர்மீது ஒருவர் கொள்ளும் இணக்கமும் தவறான மதிப்பீடும் குறிப்பின்பாற்பட்டவை. கதையைச் சரியாகக் கடத்திய இருவர், ஒருவரையொருவர் தவறாகக் கணித்துப் பிரிந்து செல்லவும் கூடும். ஆட்டிச நிலையினர் செய்தியைத் தருவதிலும் பெறுவதிலும் பிறர்க்குக் குறைந்தவரல்லர் என்பதை இரண்டு ஆய்வுகளும் ஒருங்கே காட்டுகின்றன.

தவறாகக் கணிக்கப்படுவதைத் தவிர்க்க அவர்கள் மேற்கொள்ளும் வழி மறைத்தொழுகல். சிரிக்க வேண்டிய இடங்களை மனப்பாடம் செய்தல், கண்ணுக்கு மாற்றாகப் புருவ நடுவை நோக்குதல், பேசுமுன் உரையாடலை ஒத்திகை பார்த்தல் ஆகியன இதன் கூறுகள். இவ்வொழுகல் தற்கொலை எண்ணத்தோடு தொடர்புடையது என்பதைச் சாரா காசிடி குழுவினர் 2018இல் காட்டினர். குறிப்பறியாதவர் என்று பெயர் பெற்றவர்களே பிறர் குறிப்பை இவ்வளவு நுணுகிக் கற்று நடிக்க வேண்டியுள்ளது என்பதில் உள்ள முரண் எளிதில் கடந்து செல்லத்தக்கதன்று.

இரட்டை வழக்கும் ஆட்டிசமும்

மேற்கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் நாடுகளில் நிகழ்ந்தவை. தமிழுக்கே உரிய ஒரு கூறு அவற்றில் இடம்பெற இயலாது. பேச்சுவழக்கும் எழுத்துவழக்கும் ஆழமாகப் பிரிந்துள்ள மொழியில், எந்த வழக்கை யாரிடம் கையாளுவது என்பதே ஒரு குறிப்பு. ‘நீ’, ‘நீங்கள்’, ‘தாங்கள்’ என்னும் தெரிவும், ‘வா’, ‘வாங்க’, ‘வாருங்கள்’ என்னும் தெரிவும் உறவையும் வயதையும் இடத்தையும் கணித்துச் செய்யப்படுவன.

இதேபோன்ற இரட்டை வழக்குடைய அரபு மொழியில் மிக்கேல் கிசீன் குழுவினர் துனீசியாவில் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு தமிழாய்வாளர்க்கு நேரடியாகப் பயன்படும். ஆட்டிச நிலையுடைய சில குழந்தைகள் வீட்டில் எவரும் பேசாத எழுத்துவழக்கு அரபியையே பேசினர். தொலைக்காட்சி முதலிய திரைகளின்வழி, மனிதரோடு உரையாடாமலே, அவர்கள் அதனைக் கற்றிருக்கக்கூடும் என்பது அவ்வாய்வின் விளக்கம். வீட்டார் பேச்சைவிடத் திரையின் பேச்சு மாறாத வடிவுடையது. அதே தொடர் அதே குரலில் மீண்டும் ஒலிக்கும்.

தமிழ்க் குழந்தைகளிடம் இவ்வினாவை எழுப்புவதற்குப் பெருங்கருவிகள் வேண்டியதில்லை. மொழிமாற்றம் செய்யப்பட்ட கேலிச்சித்திரப் படங்களின் தமிழ் இவ்விரு வழக்கிற்கும் இடைப்பட்ட ஒரு செயற்கை நடை. அந்நடையிலேயே ‘அம்மா, எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று முழுத்தொடராகக் கேட்கும் குழந்தையை வீட்டார் ‘புத்தகம் போலப் பேசுகிறான்’ என்று நகைத்தோ பெருமைப்பட்டோ விட்டுவிடுவர். அத்தொடரில் ‘தண்ணீர்’ ‘தண்ணி’ ஆகாமலும், ‘வேண்டும்’ ‘வேணும்’ ஆகாமலும் நிற்கும் இடங்களைக் குறித்து, குழந்தை எவரிடம் பேசும்போதும் அவை மாறாமல் நிற்கின்றனவா, பாட்டியிடம் பேசும்போது மட்டும் நெகிழ்கின்றனவா என்று பதிவு செய்வது, ஒலிப்பதிவுக் கருவியும் பெற்றோரின் இசைவும் இருந்தால் எந்தத் தமிழ்த்துறை முனைவர்பட்ட ஆய்வாளராலும் செய்யக்கூடிய பணி.